டோரத்தி ஆன்ட்டியின் கொள்ளுத்தாத்தா

என் மகள் ஒரு சின்னக் குழாயில் எச்சில் துப்பித் தபாலில் அனுப்பி, தன் மூதாதையர் யாரென்று கேட்டிருக்கிறாள். "எதுக்குடி இதெல்லாம்? கோயம்புத்தூர்னு நானே சொல்லியிருப்பேனே" என்றேன். "மாம், இட்ஸ் நாட் தட் சிம்பிள்" என்றாள். எளிதில்லைதான்.

தொண்ணூற்றெட்டில், அமெரிக்காவின் நியூ ஜெர்சியில், ஐசலின் என்ற ஊரில், எங்கள் எதிர்வீட்டில் டோரத்தி ஆன்ட்டி இருந்தார். எண்பதை நெருங்கியவர், பார்வை மங்கியவர். அவருடைய கொள்ளுத்தாத்தா இங்கிலாந்தின் கார்ன்வாலில் தகரச் சுரங்கத் தொழிலாளி. நியூ ஜெர்சியின் இரும்புச் சுரங்கத்துக்கு வந்து, இருமல் முற்றியதும் அதை விட்டுவிட்டு ஒரு விடுதி நடத்தினாராம். எந்தக் கிராமத்திலிருந்து வந்தார் என்பதுதான் தெரியவில்லை. தெரிந்தால் அந்த ஊர் சர்ச்சுக்கு எழுதிக் கேட்கலாம். சாவதற்குள் தெரிந்தால் நல்லது என்று, மழை வரும்போலிருக்கிறது என்பதைப் போலச் சொல்வார்.

எனக்கு வேலை பார்க்க விசா இல்லை. ஐந்து மாதக் குழந்தை இருந்தது, தூக்கம் இல்லை. நூலகத்தில் பழைய செய்தித்தாள்களை நான் வாசிப்பேன், குழந்தையை அவர் மடியில் ஆட்டுவார். விடுதியின் விளம்பரம்கூடக் கிடைத்தது: சுத்தமான படுக்கை, குதிரைக்குத் தீனி.

கணவர் கிண்டல் செய்வார். "வெள்ளைக்காரங்க தாத்தாவைத் தேடி அலையற. உன் தாத்தாவோட அப்பா பேரைச் சொல்லு பாப்போம்." தெரியவில்லை. இன்றும்தான்.

பிறகு இன்னொரு பழைய செய்தித்தாளில் கொள்ளுத்தாத்தாவின் இறப்புச் செய்தி கிடைத்தது. சொந்த ஊரின் பெயரைக் கல்லறையில் பொறிக்கச் சொல்லியிருந்தாராம். எதையும் கேட்காமல் செய்யாத மருமகள் நான். ஆன்ட்டியோடு அந்தக் கல்லறைக்குப் போகலாமா என்று ஞாயிறன்று போனில் மாமியாரிடம் கேட்டேன்.

"கைக்கொழந்தைய வெச்சுட்டு கல்லறைக்குள்ள எல்லாம் போகாத கண்ணு."

காரைக் கல்லறைத் தோட்டத்தின் வாசலிலேயே நிறுத்தி, குழந்தையோடு உட்கார்ந்துவிட்டேன். ஆன்ட்டி தடியூன்றித் தனியே போனார். முக்கால் மணி கழித்து, விரல் நுனியெல்லாம் பாசியோடு வந்தார். பெயரைத் தடவிப் படித்துவிட்டார். ஊரைப் படிக்க முடியவில்லை. குழந்தையை அவரிடம் கொடுத்துவிட்டு நான் ஓடிப்போய்ப் பார்த்திருக்கலாம். பால் குடித்துக்கொண்டிருந்தாள் என்று இன்றும் சமாதானம் சொல்லிக்கொள்கிறேன். "குழந்தைதான் முக்கியம்" என்று ஆங்கிலத்தில் சொல்லிவிட்டு, ஆன்ட்டி சீட் பெல்ட்டைத் தேடினார்.

அந்தக் குளிர்காலத்தில் ஆன்ட்டியின் மகன் அவரை ஃப்ளோரிடாவுக்கு அழைத்துப் போனார். அடுத்த வருடம் ஆன்ட்டி இறந்துவிட்டதாகக் கார்டு வந்தது.

அதற்கப்புறம்தான், யாரிடமும் கேட்காமல், மகளை டேகேரில் விட்டுவிட்டுப் போனேன். விடுதி இருந்த இடத்தில் கேஸ் ஸ்டேஷன், கார்கள் பெட்ரோல் போட்டுக்கொண்டிருந்தன. கல்லறைத் தோட்டத்தில் கல் இருந்தது, பெயர் இருந்தது. அதற்குக் கீழே கல்லின் மேற்பரப்பு ஓர் அடுக்காக உரிந்து போயிருந்தது. குனிந்து தேடினேன், சில்லுகள்கூட இல்லை. போன குளிரின் உறைபனியில் உரிந்ததா, ஆன்ட்டி தடவிப் பார்ப்பதற்கு முன்பேயா என்பது, காரை விட்டு இறங்காத எனக்கு எப்படித் தெரியும்.