சுவக்கீன் விட்டுப்போன இரண்டு கார்கள்

சுவக்கீனின் நாற்பத்தொன்றாம் நாள் பூசை முடிந்த மறுநாள் காலை, மகள் டின்சி அவருடைய இரண்டு கார்களையும் பார்க்க ஷெட்டுக்குள் போனாள். ஒன்றை விற்றாக வேண்டும். ஓசூரில் ஒரு வண்டிக் கம்பெனியில் பிரேக் சோதிப்பது அவள் வேலை. எதை வைத்துக்கொள்வது என்று வண்டிகளே சொல்லும் என்று நம்பினாள்.

ஒன்று, அறுபத்தெட்டாம் வருட அம்பாசடர். பீர்மேட்டுத் தேயிலை எஸ்டேட்டில் முப்பத்தொரு வருடம் கொழுந்து லாரி ஓட்டிய சுவக்கீன், துரை பங்களாவில் கழித்துப்போட்டதை வாங்கிச் சீராக்கியது. கியர் ஸ்டியரிங் தண்டில். முன்சீட் சோபாபோல ஒரே நீளம். மற்றது தொண்ணூற்றாறாம் வருட மாருதி; டின்சி பாலிடெக்னிக்கில் சேர்ந்தபோது பழையதாக வாங்கியது. முன்னது ஏற்றத்தில் முனகும், நிற்காது. பின்னது துள்ளிப் போகும், மழையில் வழுக்கும். சுவக்கீன் ஒரு விபத்துகூட இல்லாமல் ஓய்வுபெற்றவர். அதைத் தவிர வேறெதையும் அவர் பீற்றிக்கொண்டதில்லை.

இரண்டு வருடம் முன்பு சர்க்கரை அவர் கண்ணைத் தின்றது. இனி ஓட்டக்கூடாது என்றார் டாக்டர். அன்றிலிருந்து இரண்டும் சும்மா நிற்பதாகத்தான் போனில் சொன்னார்.

மாருதி நின்ற வண்டிதான். பேட்டரி செத்திருந்தது, சைலன்ஸருக்குள் குளவிக்கூடு. அம்பாசடரோ சாவியைத் திருப்பியதும் உறுமியது.

டின்சி குனிந்து மிதிகளைப் பார்த்தாள். அப்பாவின் இடது பாதம் கோணல். மாருதியின் கிளட்ச் ரப்பர் இடது ஓரத்தில் மட்டும் வழவழவென்று தேய்ந்திருந்தது. அம்பாசடருக்குப் புது ரப்பர் போட்டது அவள்தான், அவர் கண் போவதற்கு முந்தின மாதம். அது நட்டநடுவில் தேய்ந்திருந்தது. வேறு யாருடைய காலோ.

மாற்றுச்சாவி இருந்தது சூசையப்பனிடம். அப்பாவின் கூட்டாளி, எஸ்டேட் மெக்கானிக். கூப்பிட்டதும் வீட்டுக்கு வந்தார்.

"மாமா, அம்பாசடரை யாரு எடுத்தா?"

"யாரு எடுப்பா? சும்மா நின்ன வண்டி, பாப்பா." அவர் பார்வை அடுப்படிப் பக்கம் போய் வந்தது.

"சும்மா நின்னா ரப்பர் தேயுமா?"

"எலி கடிச்சிருக்கும்."

"எலி கிளட்ச் மிதிக்குமா? கண்ணு தெரியாத மனுசன் வண்டிய வாடகைக்கு விட்டீங்களா மாமா?"

சூசையப்பன் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு வாசலுக்கு நடந்தார்.

"ஏட்டி, அவர ஏன் வையிற?" அம்மா சிசிலி அடுப்படியிலிருந்து வந்தாள். "ஓட்டுனது நாந்தான்."

டின்சி அம்மாவின் காலைப் பார்த்தாள். சின்னக் கால்.

"நீயா? எங்க?"

"ஞாயித்துக்கிழம கோயிலுக்கு. மாசத்துக்கு ஒருக்க ஆஸ்பத்திரிக்கு. நான் மிதிப்பேன், வளைப்பேன். உங்கப்பா ஒட்டி உக்காந்து கியர் போடுவாரு. இஞ்சின் சத்தத்த வச்சே போட்டுருவாரு. மாருதியில நடுவுல ஹேண்ட்பிரேக்கு இடிக்குதுன்னு அதுல ஏறவே மாட்டாரு."

"லைசன்சு?"

"அவருக்குத்தான் இருந்துச்சே."

வாசலில் நின்றுவிட்ட சூசையப்பன் சிரிப்பை இருமலாக்கினார். "லயத்துல எல்லா வீட்டுக்கும் தெரியும் பாப்பா. ஒங்கிட்ட சொன்னா நீ சாவியப் புடுங்கிருவன்னு அவருக்குப் பயம்."

பிடுங்கியிருப்பாள். அது டின்சிக்கும் தெரியும்.

"இப்ப கியர் போட ஆளில்ல," என்றாள் சிசிலி. "முந்தாநேத்து கிளட்ச மிதிச்சுக்கிட்டு சும்மா உக்காந்திருந்தேன். அத வித்துரு."

டின்சி நாற்காலியை வாசல் பக்கம் இழுத்துப் போட்டாள்.

"உக்காருங்க மாமா. மாருதிய வாங்க ஒரு ஆள் பாருங்க."