விசில் சார் எழுதிய மன்னிப்புக் கடிதம்

பள்ளியில் ஒழுங்கைக் கவனிக்கும் ஆசிரியருக்குப் பிள்ளைகள் வைத்த பெயர் விசில் சார். மனுஷன் அடிக்க மாட்டார், திட்ட மாட்டார். மன்னிப்புக் கடிதம் எழுதச் சொல்லியே உயிரை வாங்குவார். 'இனிமேல் இப்படிச் செய்ய மாட்டேன்' என்று எழுதினால் தொலைந்தோம்.

"இதைத்தான் எல்லாரும் எழுதுறாங்க. ஏன் செஞ்சேன்னு உண்மையை எழுது" என்று தாளைத் திருப்பிக் கொடுத்துவிடுவார். பதினெட்டு வருடங்களில் முதல் தடவையே தேறிய கடிதம் ஒன்றுகூடக் கிடையாது.

அப்பேர்ப்பட்டவர் ஒருநாள் தேர்வு அறையில் மேற்பார்வைக்கு உட்கார்ந்து, குறட்டை விட்டுத் தூங்கிவிட்டார். மன்னிப்புக் கடிதம் கொடுத்துவிட்டுத்தான் வீட்டுக்குப் போக வேண்டும் என்று தலைமையாசிரியை சொல்லிவிட்டார்.

சார் தன் அறைக்கு வந்தால், கணக்கு டீச்சரைப் போலப் பேசிக்காட்டி மாட்டிக்கொண்ட ஒன்பதாம் வகுப்புக்காரி அங்கே நான்காவது தாளை எழுதிக்கொண்டிருந்தாள். சாரும் எதிரே உட்கார்ந்தார். 'இனிமேல் இப்படி நடக்காது' என்று எழுதினார். அவருக்கே பொறுக்கவில்லை, அந்த வரியைக் கோடு போட்டு அடித்தார். விடிய விடிய மேட்ச் பார்த்த உண்மையை எழுதவோ கை வரவில்லை. மெல்லக் கழுத்தை நீட்டி எதிர்த் தாளைப் பார்த்தார்.

அவள் சட்டென்று கையால் மறைத்துக்கொண்டாள்.

"பார்த்து எழுதாதீங்க சார். அப்புறம் அதுக்கும் தனியா ஒரு கடிதம் எழுதணும்."