பச்சை எரிய வேண்டிய நாளில் ஊதா

பேய், ஆவி, முன்னறிவிப்பு எதையும் நான் நம்பியவன் இல்லை. வாய்க்காலில் எந்த வருஷம் தண்ணீர் வராமல் போனது, யார் எந்தத் தேதியில் இறந்தார் என்று எங்கள் ஊரின் தேதிகளைச் சேர்ப்பதுதான், வேலையிலிருந்து ஓய்வு பெற்ற பிறகு என் பொழுதுபோக்கு. தேதியில்லாத கதையை நான் காதில் போட்டுக்கொள்வதே இல்லை. இனி சொல்லப்போவதைக் கேட்டால் நீங்கள் சிரிப்பீர்கள் என்றும் தெரியும்.

அந்தத் தேதிகளைத் தட்டச்சு செய்ய, என் மனைவி ஸ்டெல்லாவின் தம்பி அருள்ராஜ் எனக்கு ஒரு கம்ப்யூட்டரைப் பாகம் பாகமாகப் பூட்டிக் கொடுத்தான். பாபநாசத்தில் கம்ப்யூட்டர் கடை வைத்திருக்கிறான். கீபோர்டு, மவுஸ், பெட்டிக்குள் சுற்றும் ஃபேன், எல்லாவற்றிலும் விளக்கு. அவையெல்லாம் ஒரே நிறத்தில் எரிய ஒரு மென்பொருளைப் போட்டு, எனக்குப் பிடித்த நீலத்தை வைத்துவிட்டுப் போனான்.

கிறிஸ்துமஸுக்கு முந்தைய திருவருகைக் காலம் தொடங்கும் ஞாயிறன்று காலை, நீலம் ஊதாவாகியிருந்தது. நான் தொடவே இல்லை. கிறிஸ்துமஸுக்கு வெள்ளை. பண்டிகையெல்லாம் ஓய்ந்ததும் பச்சை. தவக்காலம் தொடங்கும் சாம்பல் புதனன்று மறுபடி ஊதா வந்தபோதுதான் எனக்கு உறைத்தது, அன்றன்று பூசையில் சாமியார் போடும் உடுப்பின் நிறம் இது என்று.

அருள்ராஜ்தான் கடையிலிருந்தபடியே இன்டர்நெட் வழியாக விளையாடுகிறான் என்று முடிவுகட்டினேன். விளக்கை மாற்றுகிறவன் உள்ளே இன்னும் எதையெல்லாம் பார்க்கிறானோ? இனி அவன் இந்த வீட்டுப் படி ஏறக்கூடாது என்று ஸ்டெல்லாவிடம் சொன்னேன்.

"எனக்குன்னு மிச்சம் இருக்கிறது அவன் ஒருத்தன்தாங்க. கூப்பிட்டு நேரா கேட்டுட்டு அப்புறம் முடிவு பண்ணுங்க" என்றாள்.

வந்தான். கேட்டதும் சிரித்தான். "மச்சான், நான் பூசைக்கு வந்து எத்தனை வருஷமாச்சுன்னு அக்காவைக் கேளுங்க. எந்த நாளைக்கு என்ன கலருன்னு நான் எங்க கண்டேன்?"

"ஏன், நெட்ல கிடைக்காதாக்கும்?"

"கிடைக்கும், கிடைக்கும். உங்களுக்காகக் கடையை மூடிட்டு அதைத்தான் தேடிக்கிட்டு இருக்கேன்."

என் கண்ணெதிரிலேயே மென்பொருளை நீக்கினான். இன்டர்நெட் வயரைப் பிடுங்கிப் பைக்குள் போட்டுக்கொண்டான். "இனிமே வானவில் மாதிரி ஓடிக்கிட்டே கெடக்கும். யாரு சொன்னாலும் கேக்காது."

சில நாள் வானவில்தான் ஓடியது. ஈஸ்டருக்கு முந்தைய குருத்து ஞாயிறு காலை எல்லாம் சிவப்பு. அன்று கோயிலில் சாமியாருக்கும் சிவப்புதான். போன் செய்து விஷயத்தைச் சொன்னேன். அருள்ராஜ் இந்த முறை சிரிக்கவில்லை.

அதற்குப் பிறகு பல மாதம் நிறம் ஒருநாள்கூடத் தவறவில்லை. பார்த்துப் பார்த்துப் பழகியும் போயிற்று. சம்பாவுக்கு நாற்றுப் பறிக்கும் சமயத்தில், எந்தத் திருநாளும் இல்லாத ஒரு சாதாரண நாளில், பச்சை எரிய வேண்டியது ஊதாவாக எரிந்தது. இறந்தவர்களுக்கு வைக்கும் பூசைக்கும் ஊதாதான். எங்கள் இரண்டு குடும்பத்திலும் இறந்தவர்களின் தேதிகள் எனக்கு மனப்பாடம். அந்தத் தேதியில் யாருமே இல்லை. அன்று கெட்டதாக எதுவும் நடக்கவுமில்லை. மறுநாள் பச்சை.

நம்பினால் நம்புங்கள், அடுத்த வருஷமும் அதே தேதியில் ஊதா.

"இதுவரைக்கும் யாருமில்லன்னா, இனிமேதான்..." என்று ஆரம்பித்த ஸ்டெல்லா எழுந்து அடுப்படிக்குப் போய்விட்டாள்.

அதிலிருந்து அந்தத் தேதியில் அருள்ராஜ் கடை திறப்பதில்லை. ரோட்டில் வண்டி ஓட்டவே வேண்டாமென்று முதல் நாளே வந்து எங்கள் வீட்டில் தங்கிவிடுகிறான். நான் வயல் பக்கம் போவதில்லை. ஸ்டெல்லா கிணற்றடிக்குக்கூடப் போவதில்லை. மத்தியானம் மூவரும் சாப்பிட உட்கார்ந்தால், ஒருவர் முகத்தை மற்ற இருவரும் களவாகப் பார்ப்போம்.

இந்த வருஷமும் அப்படித்தான் உட்கார்ந்தோம். ரசத்துக்குச் சோறு பிசைந்தபடி நிமிர்ந்தேன். அக்காவும் தம்பியும் ஒருவரையொருவர் பார்க்கவில்லை. இருவரும் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"என்னடா?"

"ஒண்ணுமில்ல மச்சான், சாப்பிடுங்க."

அன்று காலை எனக்கு முன்பே எழுந்து அந்தக் கம்ப்யூட்டர் முன்னால் நின்றவர்கள் அவர்கள் இருவரும்தான். நான் வருவதற்குள் அதை அணைத்துவிட்டிருந்தார்கள். ஊதாவைத் தவிர வேறென்ன பார்த்தார்கள் என்று இன்றுவரை என்னிடம் சொல்லவில்லை.