புரட்டாசியில் விழுந்த பனி

யுத்த காலத்தில் நான் காஷ்மீர் மலையில் பட்டாளத்துச் சமையல்காரனாக இருந்தேன். ஐப்பசியில் லீவு கிடைத்தது. நான்கு நாள் ரயிலில் நின்றும் உட்கார்ந்தும் மதுரை வந்து, விளாங்குடி வீட்டுக்குள் காலை வைத்ததும் படுத்துவிட்டேன். ஊர் விடவில்லை. பனியைப் பற்றிக் கேட்க ஆள் மாற்றி ஆள் வந்தார்கள்.

"நம்ம மார்கழிப் பனி கணக்காவா மாப்ள?" என்றார் என் மாமனார்.

"இல்ல மாமா. இலவம்பஞ்சை உதறிவிட்ட மாதிரி கொட்டும். தரையே தெரியாது."

வெள்ளைக்கார அதிகாரிகள் காலில் நீளப் பலகை கட்டிக்கொண்டு அதில் சறுக்குவதைச் சொன்னால் எல்லோரும் சிரித்தார்கள். சொல்லிச் சொல்லி எனக்கு அலுத்துவிட்டது.

மூன்றாம் நாள் கப்பலூரிலிருந்து ஓர் அம்மாள் மழையில் நனைந்தபடி வந்தார். என்னோடு ஒரே அடுப்பில் வேலை பார்த்தவனின் தாய். அவன் செத்து ஒரு மாதம்கூட ஆகவில்லை.

"வேலையில அடிபட்டுச் செத்தான்னு காயிதத்துல போட்ருக்காம். தபால்காரர் படிச்சாரு. எப்பிடி அடிபட்டான் தம்பி?"

ரயிலில் வரும்போதே இதற்கு ஒரு பொய்யை யோசித்து வைத்திருந்தேன். அதைச் சொல்லக்கூட உடம்பில் தெம்பில்லை. நடந்ததையே சொன்னேன்.

அந்த வருஷம் பனி முந்திக்கொண்டு புரட்டாசிக் கடைசியிலேயே விழுந்தது. ஒரு சாண் உயரம்தான். தை, மாசியில் பனி ஆழமாக இறுகிய பிறகே சறுக்க வேண்டும், இப்போது அடியில் கல்லெல்லாம் அப்படியே கிடக்கிறது என்று உள்ளூர்க் கூலியாட்கள் சொன்னார்கள். அதிகாரிகளுக்குப் பொறுக்கவில்லை. டீப் பானையைத் தூக்கிக்கொண்டு நாங்கள் இருவரும் பின்னால் போனோம். ஓர் அதிகாரி பலகையைக் கழற்றியதும், தானும் ஒரு தரம் போகட்டுமா என்று இவன் சைகையில் கேட்டான். அவர் சிரித்துக்கொண்டே கட்டிவிட்டார். நாற்பது அடி போயிருப்பான். பனிக்கு அடியில் பாறை இருந்தது. தலையில் அடி.

"வெளையாட்டுலயா போனான்?"

"ஆமாத்தா."

"நீ தடுக்கலையா?"

"இல்லத்தா. அடுத்து நான் போகணும்னு நின்னுக்கிட்டு இருந்தேன்."

"மூணு மாசம் பொறுத்திருக்கலாம்ல" என்று மட்டும் சொன்னார். யாரைச் சொன்னார் என்று நான் கேட்கவில்லை. என் மனைவி போட்ட சோற்றில் இரண்டு வாய் சாப்பிட்டார். பஸ் ஏற்றிவிடப் போனேன். யுத்தத்தில் பெட்ரோல் கிடைக்காமல் கரியில் ஓடிய பஸ், அடுப்பு மூட்டிக் கிளம்பவே அரைமணி நேரம் ஆனது. அதுவரை மழையில் இருவரும் சும்மா நின்றோம்.

"வாரேன் தம்பி. நீயாச்சும் அதுல ஏறாத" என்றார்.

லீவு முடிந்து திரும்பினேன். தை பிறந்தது. பனி இறுகி, ஒரு பாறையும் இடறாத அளவுக்கு மலையை மூடியிருந்தது. அதிகாரிகள் காலையிலிருந்து சறுக்கினார்கள். அதே அதிகாரி ஒருநாள் பலகையை என் பக்கம் நீட்டினார். வேண்டாம் என்று தலையசைத்துவிட்டு, அடுப்பில் விறகைத் தள்ளினேன்.