ஆமைக்கும் இரவு வேண்டும்

செல்லப்பிராணிக் கடையில் வேலை என்றதும், நாள் முழுக்க நாய்க்குட்டியைக் கொஞ்சிக்கொண்டிருப்பேன் என்று நினைக்கிறார்கள். நான் விற்பது சூடு. சிட்னியின் பிளாக்டவுனில் எங்கள் கடையின் கடைசி மூலையில், ஆமை, பல்லி, பாம்புக்கான பல்புகளுக்கும் ஹீட்டர்களுக்கும் நடுவே நிற்கிறேன். கவுண்டருக்குப் பின்னால் நின்று பழகியவர்களுக்குத் தெரியும், பொருளை எடுத்துக் கொடுப்பது கொஞ்ச நேரம்; மற்றதெல்லாம் கதை கேட்பதுதான்.

இங்கே வீட்டில் வளர்ப்பது பெரும்பாலும் தண்ணீர் ஆமை. லைசென்ஸ் எடுத்து, கண்ணாடித் தொட்டியில் வைத்திருப்பார்கள். அதற்கு உடம்பில் சொந்தச் சூடு கிடையாது, நாம் கொடுப்பதுதான். சிட்னிக் குளிரில் வெளியைவிட வீட்டுக்குள் அதிகமாக நடுங்கியவர்களுக்கு நான் மேலே விளக்க வேண்டாம்.

சுடுகல்

ஹோம்புஷிலிருந்து வந்த ஒரு ஐ.டி. தம்பி, மின்சாரத்தில் சூடாகிற செயற்கைக் கல் ஒன்றை ஆன்லைனில் வாங்கித் தொட்டியில் வைத்துவிட்டார். இந்தக் கல்லைக் கண்டாலே எனக்குப் பற்றிக்கொண்டு வரும். ஆமைக்குச் சூடு என்றால் மேலிருந்து வருவது, வெயில் மாதிரி. அடிவயிறு வேகிறது என்று அதற்குப் புரியாது, இதமாக இருக்கிறது என்று அங்கேயே உட்கார்ந்திருக்கும். உட்கார்ந்திருந்தது.

டாக்டர் கைவிரித்த பிறகு தம்பி கடைக்கு வந்தார். ஒன்றும் வாங்கவில்லை. "ஃபைவ் ஸ்டார் ரிவ்யூ பாத்துத்தான் வாங்கினேன் சிஸ்டர். இப்ப பாப்பாகிட்ட என்னன்னு சொல்றது?"

சுவிட்ச்

நம் ஆட்களுக்கு ஒரு பழக்கம். ஊருக்குக் கிளம்பினால் கேஸை மூடி, குழாயை இறுக்கி, சுவரிலிருக்கிற சுவிட்ச் ஒன்று விடாமல் அணைத்து, பூட்டை இழுத்துப் பார்த்துவிட்டுத்தான் காரில் ஏறுவோம். ஒரு குடும்பம் அப்படித்தான் மெல்பர்னுக்குக் கல்யாணத்துக்குப் போனது. நல்ல குளிர்காலம். குஞ்சு ஆமையின் பல்பு, தண்ணீர் ஹீட்டர் எல்லாம் அந்தச் சுவிட்சுகளில்தான் இருந்தன.

திரும்பி வந்தபோது குஞ்சு வாயைத் திறந்து திறந்து மூச்சுக்குத் தவித்துக்கொண்டிருந்ததாம். நுரையீரலில் சளி கட்டிவிட்டது, பிழைக்கவில்லை. மனைவி காரைவிட்டு இறங்கவே இல்லை. கணவர் மட்டும் வந்து, மூடி திறக்காத தீவன டப்பாவைக் கவுண்டரில் வைத்தார். "வீட்டை ரெண்டு தடவை சுத்திப் பாத்துட்டுத்தான் மேடம் பூட்டினேன்."

கராஜிலிருந்து அறைக்கு

ரஞ்சினி ஆன்ட்டி குவேக்கர்ஸ் ஹில்காரர், யாழ்ப்பாணத்து அம்மா. முதல் தடவை வந்தபோது, ஏற்கெனவே வளர்க்கிற ஆமைக்கு ஒரு நல்ல லைட் வேண்டும் என்றார். இதுவரை எங்கே வைத்திருந்தீர்கள் என்று கேட்டேன். கராஜில். ஆமை வீட்டுக்குள் வந்தால் குடும்பத்துக்கு ஆகாது என்ற எண்ணம் நம்மில் பலருக்கு உண்டு, அவருக்கும் இருந்தது. மகன் துஷி எவ்வளவோ கெஞ்சியும் உள்ளே விடவில்லையாம். அவனும் கராஜிலேயே பல்பு, ஹீட்டர் எல்லாம் மாட்டி வளர்த்திருக்கிறான்.

என் வழக்கப்படி, "பையனையே வரச் சொல்லுங்க ஆன்ட்டி, நான் சொல்லித் தர்றேன்" என்றேன். அவர் கைப்பையின் வாரைத் திருகிக்கொண்டே, "அவன் மோசம் போயிட்டான் பிள்ளை" என்றார். வேலைக்குப் போகும்போது ரயிலிலேயே மாரடைப்பு. கல்யாணம்கூட ஆகவில்லை.

பல்பும், ஆமை சுட்டுக்கொள்ளாமல் அதைச் சுற்றி மாட்டுகிற கம்பிக் கூடும், தண்ணீருக்குப் புது ஹீட்டரும் எடுத்துக் கொடுத்தேன். ஒவ்வொன்றையும் இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார். "அவன் இருக்கேக்கை உள்ளுக்கை விடேல்லை. இப்ப அவன்ரை அறையிலைதான் வைக்கப் போறன். இனி எனக்கு என்ன கெடுதல் வரக் கிடக்கு?"

எல்லாம் சரி, ஆமை சாப்பிடவில்லை

அடுத்து வந்தபோது முகம் வாடியிருந்தது. ஆமை தீவனத்தைத் திரும்பிப் பார்ப்பதில்லை, ஓட்டுக்குள்ளேயே கிடக்கிறது என்றார். போனில் எடுத்து வந்த படங்களைப் பார்த்தேன். பல்பின் உயரம் சரி, கம்பிக் கூடு சரி, தண்ணீரின் சூடு சரி. எனக்கே ஒன்றும் பிடிபடவில்லை. கடைசிப் படத்தில் தொட்டிக்குப் பக்கத்தில் மாலை போட்ட துஷியின் போட்டோ, அதன் முன்னால் எரிகிற குத்துவிளக்கு. ஜன்னல் கன்னங்கரேலென்று இருந்தது. ஆமையின் பல்பும் எரிந்துகொண்டிருந்தது.

"ராத்திரி லைட்டை எத்தனை மணிக்கு அணைப்பீங்க ஆன்ட்டி?"

"நூக்கிறேல்லை" என்றார். அணைப்பதே இல்லையாம். செத்தவர் படத்துக்கு முன்னால் முப்பத்தோராம் நாள்வரை விளக்கு அணையாமல் பார்த்துக்கொள்வது அவர்கள் வழக்கம். அந்தச் சடங்கு முடிந்து எவ்வளவோ காலமாகியும் அவர் விளக்கை விடவில்லை. அதே அறைக்கு வந்த ஆமையின் பல்பையும் அந்தக் கணக்கில் சேர்த்துவிட்டார். பாவம் அந்த ஆமை, அங்கே வந்த நாளிலிருந்து ஓர் இரவைக்கூடப் பார்க்கவில்லை. இருட்டு இல்லாவிட்டால் அதற்குத் தூக்கமில்லை, தூக்கமில்லாவிட்டால் சாப்பாடில்லை, ராத்திரிக்குத் தண்ணீர் ஹீட்டரின் சூடே போதும் என்று சொன்னேன். தலையை ஆட்டிக் கேட்டுக்கொண்டார். "நீர் சொல்லுறது விளங்குது பிள்ளை. ஆனால் அவன்ரை அறை இருட்டாய்க் கிடக்கக் கூடாது."

டைமர்

அடுத்த வாரம் டாக்டரிடம் காட்டிவிட்டு வந்தார். அவரும் அதையேதான் சொல்லியிருக்கிறார்: இப்படியே விட்டால் தாங்காது. அப்போதும் ஆன்ட்டி அசையவில்லை. எனக்குக் கோபம் வந்துவிட்டது, உண்மையைத்தான் எழுதுகிறேன். "அது போட்டோ இல்ல ஆன்ட்டி, உயிரோட இருக்கு. துஷி வளர்த்த உயிர், அதுவும் போயிடும்" என்றேன். சொன்ன பிறகு என்னையே அறைந்துகொள்ளலாம் போலிருந்தது. அவர் அழவில்லை.

ஒரு டைமரை எடுத்துக் காட்டினேன். ப்ளக்கில் மாட்டினால், காலையில் தானே பல்பைப் போடும், சாயங்காலம் தானே அணைக்கும். குத்துவிளக்கை அந்த நேரத்துக்கு ஹாலுக்கு மாற்றி வைக்கலாம், அங்கேயும் எரிவது அதே விளக்குத்தானே என்றேன். டைமரைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "என்ரை கையாலை நூக்கமாட்டன். இது தன்ரபாட்டிலை நூத்தால் நான் என்ன செய்யிறது?"

திருப்பிக் கொடுத்தது

வெயில் தலைகாட்டத் தொடங்கியபோது மறுபடி வந்தார். ஆமை சாப்பிடுகிறதாம். பல்புக்குக் கீழேயுள்ள சாதாரணக் கல்லில் ஏறிக் காலை நீட்டிப் படுக்கிறதாம். படம் காட்டினார், உண்மையாகவே கழுத்தை நீட்டி நன்றாகத்தான் இருந்தது. எனக்குச் சந்தோஷத்தில் கண் கலங்கிவிட்டது. அப்புறம் கைப்பையைத் திறந்து டைமரை எடுத்துக் கவுண்டரில் வைத்தார்.

"ரிப்பேரா ஆன்ட்டி? மாத்தித் தர்றேன்" என்றேன்.

"பழுதில்லை பிள்ளை, அது நல்லாத்தான் வேலை செய்யுது. ஆனால் சொல்லாமல் கொள்ளாமல் பட்டெண்டு நூத்துப்போடுது. என்ரை பிள்ளையும் அப்பிடித்தானே போனவன். இப்ப நானே போய், 'இருட்டுப் பட்டிட்டுது, படு ராசா' எண்டு சொல்லிப்போட்டு நூக்கிறன்."

ஆமைக்கு எத்தனை டிகிரி வேண்டும் என்று கேளுங்கள், கண்ணை மூடிக்கொண்டு சொல்வேன். அதை வளர்க்கிற மனுஷருக்கு எவ்வளவு சூடு வேண்டும் என்று கேட்டால், மன்னிக்கவும், அந்தப் பதில் எங்கள் கடையில் ஸ்டாக் இல்லை.