தார்ச்சாலைக்குப் போட்ட ரப்பர்

சென்ற தீபாவளிக்கு முந்தைய ஞாயிறு, சிங்கப்பூர் பஃபலோ ரோட்டுச் சாப்பாட்டுக் கடையில் பழைய நண்பனுக்கு எதிரே உட்கார்ந்திருந்தேன். கட்டாய ராணுவப் பணியான தேசிய சேவையில் இருவரும் ஒரே கவச வண்டியின் பின்பகுதியில் அடைபட்டுப் பயணம் செய்தவர்கள். எங்கள் பிரிவின் ஒன்றுகூடலுக்கு ஒரு நினைவு மலர் தயாராகிறது. வரலாற்றுக் குறிப்பு எழுதுவது நான், தொகுப்பது அவன். நாங்கள் வண்டியோடு கலந்துகொண்ட அணிவகுப்பு நடந்த ஆண்டை நான் திருத்தியபோது மறுக்காதவன், ஒரு வாக்கியத்தை மட்டும் அடித்திருந்தான்: ‘வண்டிச் சக்கரங்களைச் சுற்றிய எஃகுப் பட்டைகளின் இரைச்சலில் எங்களில் சிலருக்குக் காது போனது.’

“நல்ல நாள்ல படிக்கிறதுலா, ஏன்டா அழுவுற?” என்றான். “இப்ப உள்ள பசங்களுக்கு ரப்பர் டிராக். சிலிப்பர் போட்ட வண்டி. நாம இரும்புடா.”

எனக்குச் சுரீரென்றது. ரப்பர் பட்டை அறுந்தால் முழுவதையும் மாற்ற வேண்டும், எஃகில் உடைந்த கண்ணியை மட்டும் மாற்றினால் போதும். அது உண்மை, அதையும் எழுதியிருக்கிறேன். ஆனால் அதிர்வையும் இரைச்சலையும் குறைப்பதைச் சொகுசு என்று இளக்காரம் செய்ய இவன் யார்?

அப்போது எங்களுக்குக் காதடைப்பான் கொடுத்திருந்தார்கள். இரண்டையும் மாட்டினால், முன்னால் இருந்து செக்‌ஷன் கமாண்டர் கத்துவது கேட்காது. அதனால் அவர் பக்கத்துக் காதில் இருந்ததை உருவிவிடுவோம். எனக்கு வலது காது. எதிர் பெஞ்சில் இருந்த இவனுக்கு இடது.

அணிவகுப்புக்காக நகருக்குள் போகும் முன், எஃகுக் கண்ணிகளில் தேய்ந்திருந்த ரப்பர் அட்டைகளைக் கழற்றிவிட்டு, வியர்வை சொட்டச் சொட்டப் புதியவற்றை முடுக்கினோம். தார்ச்சாலை கீறிவிடக் கூடாதாம். சாலைமேல் இருந்த அக்கறை எங்கள் காதுமேல் இல்லை. இருபது வயதில் அது உறைக்கவில்லை. கைப்பேசியை இடது காதுக்கு மாற்றும் ஒவ்வொரு முறையும் இப்போது உறைக்கிறது.

“அந்த வரி இல்லன்னா என் கட்டுரையே வேணாம்,” என்றேன்.

“யாருக்குடா காது போச்சு? உனக்கு ஒருத்தனுக்கு.”

பரிமாறும் பெண்மணி அவனுடைய இடப்பக்கம் வந்து நின்றார். “அண்ணே, மோர் வேணுமா?”

பதில் இல்லை. மறுபடியும் கேட்டார். அப்போதும் இல்லை. மூன்றாம் முறை தோளருகே குனிந்ததும்தான் முகத்தை முழுக்கத் திருப்பி, வலது காதைக் கொடுத்தான். “என்னம்மா?”

எனக்குச் சிரிப்பு வரவில்லை. கோபம் கூடியது, ஆனால் அவன்மேல் அல்ல.

மோர் வந்ததும் ஒரு வாய் குடித்தான். பிறகு தாளை இழுத்து, அடித்த வரிக்குப் பக்கத்தில் ‘இருக்கட்டும்’ என்று எழுதினான்.

“சிலருக்குன்னு போட்டிருக்கியே, எத்தனை பேரு? எல்லாத்துக்கும் ஆதாரம் கேக்குற ஆளு நீ.”

“இப்போதைக்கு ரெண்டு,” என்றேன், அவனுடைய வலப்பக்கமாகச் சாய்ந்து.