துணி சுற்றிய கொண்டி

இரும்புக் கேட்டின் கொண்டியில் சுற்றுவதற்காக என் பழைய நூல் புடவையின் ஓரத்தை நான்தான் கிழித்துக் கொடுத்தேன். அரக்கு நிறம், மஞ்சள் கரை. அண்ணன் கேட்டின் முன்னால் குத்துக்காலிட்டு உட்கார்ந்து, அடிபட்ட விரலுக்குக் கட்டுப் போடுவதுபோல அந்தக் கொண்டியைச் சுற்றிக் கட்டினார். பிறகு எழுந்து கேட்டை இழுத்துச் சாத்திப் பார்த்தார். துணிமூட்டையைக் கீழே வைத்த மாதிரி ஒரு சின்ன சத்தம், அவ்வளவுதான். "இனிமே யாரும் பதறிப்போய் எழுந்திருக்க மாட்டாங்க" என்று சொல்லிச் சிரித்தார். அண்ணனை நினைத்தால் எனக்கு அந்தச் சிரிப்புதான் முதலில் வருகிறது. அதற்குப் பின்னாலேயே அழுகையும் வந்துவிடுகிறது.

நான் எட்டாவது வரை படித்தவள். சிங்கவரத்தில் வாழ்க்கைப்பட்டவள். காலையில் மலைப்பக்கம் பார்த்து ரங்கநாதரைக் கும்பிட்டுவிட்டு, முதல் பஸ்சைப் பிடித்து செஞ்சிக்கு வந்து, அண்ணன் கடையில் இட்லி ஊற்றி வந்தேன். அப்போது கடை என்பது ஊர்ப் பூங்கா வாசலில் நின்ற ஒரு தள்ளுவண்டி. பூங்காவுக்குள்ளே ஒரு பழைய கட்டடம் உண்டு. கருங்கல் அடித்தளம், மேலே செங்கல்லும் சுண்ணாம்பும், முன்பக்கம் முழுக்க வளைவு வைத்த தாழ்வாரம். நவாபு காலத்துக் குதிரைக்காரர்கள் தங்கிய இடம் என்பார் வண்டிக்குப் பக்கத்தில் லுங்கி, துண்டு விற்ற பாய். வெள்ளைக்காரன் கட்டியது என்பார் அண்ணன். யார் கட்டினாலும் எங்களுக்கு அது கல்வீடு. உள்ளே வௌவால் குடியிருந்தது. தாழ்வாரத்தில் ஊரே குடியிருந்தது. ஆஸ்பத்திரிக்கு வந்தவர்கள், பத்திரம் பதிய வந்தவர்கள், பஸ்சைத் தவறவிட்டவர்கள் எல்லாரும் அங்கேதான் சோற்றுப் பொட்டலத்தைப் பிரிப்பார்கள்.

தாழ்வாரச் சுவரில் ஒரு மாடம் இருந்தது. சாமி உருவம் எதுவும் அதில் இல்லை. ஆனாலும் வீட்டில் யாரையாவது ஆஸ்பத்திரியில் சேர்த்திருந்தால், பெண்கள் அந்த மாடத்தில் ஒரு அகல் ஏற்றி வைத்துவிட்டுத்தான் வார்டுக்குப் போவார்கள். முதல் விளக்கை வைத்தவள் யார் என்று யாருக்கும் தெரியாது. பாய் வீட்டம்மா தன் மகள் பிரசவ வலியில் இருந்தபோது ஒரு பாட்டில் நல்லெண்ணெய் வாங்கி வந்து என் கையில் கொடுத்து, "நீயே ஊத்தி ஏத்திடும்மா" என்றார்கள். ஏற்றினேன். பேரன் பிறந்தான்.

கல்வீட்டைத் தனியாருக்குக் குத்தகை விடப்போகிறார்கள் என்று பேச்சு வந்ததும் அண்ணனுக்குத் தூக்கம் போயிற்று. வெளியூர்க்காரன் எடுத்தால் தாழ்வாரம் போய்விடும் என்று பயந்தார். கையில் இருந்ததையெல்லாம் போட்டு அவரே எடுத்தார். மழை ஒழுகிய மேல்தளத்தைச் சுண்ணாம்போடு கடுக்காய்த் தண்ணியும் வெல்லமும் சேர்த்துப் பூசி அடைத்தார். உள்ளே அடுப்பும் பெஞ்சுகளும் வந்தன. எங்கள் வண்டி ஓட்டலாயிற்று. தாழ்வாரத்தில் ஒரு பெஞ்சுகூடப் போட விடவில்லை. "உள்ள மட்டுந்தாம்மா நமக்குக் குத்தகை. தாழ்வாரம் ஊருது" என்பார். கட்டுச்சோறு கொண்டுவந்து அங்கே உட்கார்ந்து தின்பவர்களுக்கும் எங்கள் சாம்பாரை ஊற்றச் சொல்வார். "இப்படி ஊத்தினா நீ ஓட்டல் நடத்தறியா, அன்னதானம் பண்றியா?" என்று பாய் கிண்டல் செய்வார். "உனக்கு ஒரு கரண்டி வேணும்னா நேரா கேளு பாய்" என்பார் அண்ணன்.

குடிகாரர்கள்தான் கெடுத்தார்கள். இருட்டினதும் தாழ்வாரத்தில் வந்து குடித்து, பாட்டிலை மாடத்தில் அடித்து உடைத்துவிட்டுப் போவார்கள். ஒரு வெள்ளிக்கிழமை விளக்கேற்ற வந்த பெண்ணின் உள்ளங்கால் கிழிந்து, அகலுக்குக் கீழே ரத்தம் நின்றது. அண்ணன் துடைப்பம் எடுத்துவந்து கண்ணாடித் துண்டுகளைக் கூட்டி அள்ளினார். அந்த வாரமே வெல்டிங் பட்டறைக்குப் போய், தாழ்வாரத்தை அடைக்கிற மாதிரி கம்பித் தடுப்பும் நடுவில் கேட்டும் செய்து வந்து மாட்டினார். எலுமிச்சம்பழம் நறுக்கி, குங்குமம் வைத்து, சூடம் காட்டினோம். "இன்னாப்பா, அவ்ளோ பெரிய கோட்டையே தொறந்து கெடக்குது, நீ கேட்டுக்குப் பூசை போடற" என்று பாய் சிரித்தார். நாங்களும் சிரித்தோம்.

நோயாளிகளுக்குத் துணையாக வந்த பெண்கள் ராத்திரியில் கேட்டைச் சாத்திக்கொண்டு உள்ளே பயமில்லாமல் படுத்தார்கள். அதில் தொண்டூர் அம்மா ஒருத்தி. சிறுநீரகம் கெட்டுப்போன கணவரை வாராவாரம் கூட்டி வருவாள். ஆனால் விடியுமுன் அடுப்பு மூட்ட அண்ணன் வந்து கேட்டைத் திறந்தால், கொண்டி 'டணார்' என்று அடிக்கும். படுத்திருந்தவர்கள் அலறி எழுந்து, "ஆஸ்பத்திரியிலிருந்தா வரீங்க? இன்னா ஆச்சு?" என்று கேட்பார்கள். கெட்ட சேதி வந்துவிட்டதாக அவர்களுக்குப் பயம். அதைத் தாங்கமாட்டாமல்தான் அண்ணன் என்னிடம் துணி கேட்டார்.

குத்தகைக் காலம் முடிந்தது. மறுபடி ஏலம் விடுவதற்காகக் கட்டடத்தை அளக்க வந்தார்கள். டேப்பைத் தாழ்வாரத்தின் வெளி ஓரம்வரை இழுத்துப் பிடித்தார்கள். "சார், அது பொதுவுக்கு விட்ட எடம்" என்றார் அண்ணன். வந்த அதிகாரி மரியாதையானவர்தான். "பொது எடம்னா தொறந்து கெடக்கணும்ங்க. இதுக்குத் தடுப்பு இருக்குது, கேட் இருக்குது. கட்டடத்தோட சேர்ந்ததுதான்" என்றார். "ராத்திரிக்கு மட்டுந்தான் சார் சாத்துவோம்." "எப்போ சாத்தினாலும் கேட் கேட்தானே?" "அப்போ இப்பவே கழட்டிடறேன்." "அது முடியாதுங்க. செவுத்துல பதிச்சதெல்லாம் இனிமே கட்டடத்தோட சொத்து."

அண்ணன் கம்பியைப் பிடித்தபடியே நின்றார். ஏலத்தில் வெளியூர்க்காரர் ஒருவர் எடுத்தார். அவ்வளவு கேட்க எங்களால் முடியவில்லை.

இப்போது அது காபி ஷாப். இல்லாததைச் சொல்லக்கூடாது, சுத்தமாகத்தான் வைத்திருக்கிறார்கள். நம் ஊர்ப் பிள்ளைகள் சிலருக்கு வேலையும் கிடைத்திருக்கிறது. ஆனால் தாழ்வாரத்தில் மெத்தை நாற்காலி. ஆர்டர் கொடுப்பவர்களுக்குத்தான் கேட் திறக்கும். கடை திறந்த புதிதில் ஒரு மழைநாளில், தொண்டூர் அம்மா கணவரைக் கூட்டிக்கொண்டு வேப்பமரத்தடியில் முந்தானையை அவர் தலைக்குமேல் பிடித்துக்கொண்டு நின்றாள். அந்தப் பக்கமாக வந்த அண்ணன் அதைப் பார்த்துவிட்டு ஓடிப்போய் கேட்டில் நின்ற தம்பியிடம் கெஞ்சினார். "எனக்கும் பாவமாத்தான் இருக்குது பெரியவரே. ஓனர் கேமராவுல பார்த்துட்டே இருக்காரு" என்றான் அவன். அண்ணன் திரும்பிப்போய் அவளிடம், "இந்தக் கேட்டை நான்தாம்மா போட்டேன்" என்றார். அவள், "நல்ல கேட்டுதானே அண்ணா. அது இருக்கப்போயிதானே நான் நிம்மதியா தூங்கினேன். நீ இன்னா பண்ணுவ?" என்றாள்.

அன்றைக்கு வீட்டுக்கு வந்து சோற்றில் கை வைத்தவர், அப்படியே கையைக் கழுவிவிட்டார். "அவ என்னைத் திட்டியிருந்தா தேவலை தங்கச்சி" என்றார். அதற்கப்புறம் பூங்காப் பக்கமே போகவில்லை. ஊர் நல்லதுக்கு என்று சூடம் காட்டி மாட்டிய ஒன்று, ஊரை வெளியே நிறுத்திவிட்டதே என்று மனசு அரித்து அரித்தே மெலிந்தார். மார்கழியில் போய்ச் சேர்ந்தார். பெருமாளிடம் நான் எத்தனையோ கேட்டிருக்கிறேன். இதை மட்டும் எப்படிக் கேட்பது என்று தெரியவில்லை. அவரும் சொல்லாமல் படுத்திருக்கிறார்.

போன மாதம் என் வீட்டுக்காரரை ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். கால் தானாகவே கல்வீட்டுக்குப் போயிற்று. ஒரு டீ என்று சொல்லித்தான் உள்ளே போனேன். மாடத்தில் பிளாஸ்டிக் செடி ஒன்று வைத்திருந்தார்கள். பையிலிருந்த அகலை வெளியே எடுக்க எனக்குத் தைரியம் வரவில்லை. பைக்குள்ளேயே அதைக் கையால் மூடிக்கொண்டு வேண்டிக்கொண்டேன். டீயைக் குடித்த ஞாபகமில்லை.

வெளியே வரும்போதுதான் கொண்டியைப் பார்த்தேன். கேட்டுக்குச் சாம்பல் நிறப் பெயிண்ட் அடித்தவர்கள், துணியை அவிழ்க்காமல் அதன் மேலேயே அடித்திருக்கிறார்கள். துணி தோல்போலத் தடித்துக் கிடந்தது. ஒரு முனையில் மட்டும் பெயிண்ட் உதிர்ந்து, என் புடவையின் மஞ்சள் கரை நகக்கண் அளவுக்குத் தெரிந்தது. அதைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டேன். எனக்குப் பின்னால் அந்தத் தம்பி கேட்டைச் சாத்தினான். சத்தமே வரவில்லை.